மிச்சம் விழுந்த பித்தளை

காணாமல் போன நகை, காணாமல் போன கணவன், காணாமல் போய்த் தொலைந்தால் நல்லது என்று வீட்டார் ரகசியமாக ஆசைப்பட்ட கணவன்: இருபத்திரண்டு வருடத் தொழிலில் துப்பறியும் லென்ஸ் தேடாதது எதுவும் இல்லை. கண்டுபிடித்தவற்றின் பட்டியல் அதைவிடக் கொஞ்சம் சிறியது. ஆனால் ஒரு பொருளைக் கையிலேயே கொடுத்துவிட்டு, "இது தொலையலை சார். இதோ இருக்கு. இதோட இடம்தான் தொலைஞ்சு போச்சு" என்று இதுவரை யாரும் அவரிடம் வந்ததில்லை.

பொருள் அவருடைய உள்ளங்கையில் கனமாக உட்கார்ந்திருந்தது. பித்தளை. அடி தட்டை, நடுவில் ஓர் இடுப்பு, மேலே ஒரு குமிழ். சதுரங்கத்துச் சிப்பாய் ஒன்று வேளாவேளைக்கு நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த மாதிரி இருந்தது. குமிழின் ஒரு பக்கத்தில் மட்டும் லேசான பள்ளம்.

லென்ஸ் சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். அவருடைய பெயருக்குக் காரணம் அதுதான். அதன் குறுக்கே ஒரு விரிசல் இருந்ததால், அதன் வழியாகப் பார்க்கும்போது எல்லாக் குற்றவாளிகளும் இரட்டையர்களாகத் தெரிவார்கள்.

"ரெண்டு பித்தளை தெரியுது," என்றார்.

"நல்லது அத்தான். ஒண்ணுக்கே இடம் கிடைக்கலை," என்றான் வால்.

வால், அவருடைய மனைவியின் தம்பி. நாற்பத்திரண்டு வயது, பதினோரு வேலைகளிலிருந்து அனுப்பப்பட்ட அனுபவம். அக்கா கெஞ்சியதால் லென்ஸ் அவனை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். அத்தானைத் தனியாக விடாதே என்று அக்கா கெஞ்சியதால் அவன் சேர்ந்தான். ஆக, இரண்டு பேருமே மற்றவருக்குப் பெரிய உபகாரம் செய்துகொண்டிருந்தார்கள்.

"வேலை நேரத்துல சார்னு கூப்பிடுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"சரிங்க சார் அத்தான். மணி பன்னிரண்டே முக்கால்."

எதிரே எண்ணெய்க் கறைச் சட்டையோடு நின்ற பெண்மணி பணிமனைக் கடிகாரத்தை ஒரு முறை பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். மேஸ்திரியம்மா. இந்த ரயில் பாதையின் ஏழாவது தலைமை ஃபிட்டர். பதவிக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. நான்கு மணிக்குள் லென்ஸ் ஏதாவது செய்யாவிட்டால், மூன்று மாதத்தோடு முடிந்துவிடும்.

விஷயம் இதுதான். வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன சின்ன ரயில் பாதை அது. அடிவாரத்திலிருந்து மலை உச்சிக்கு இருபத்தேழு மைல், பதினான்கு குகை, ஒரே ஒரு எஞ்சின். வருடத்தில் நாற்பது நாள் வண்டியை நிறுத்திவிட்டுப் பராமரிப்பு வேலை நடக்கும். தண்டவாளத்துக்கு அடியிலிருக்கும் ஜல்லியைக் கூடை கூடையாக அள்ளிக் கழுவி, உலர்த்தி, திரும்பக் கொட்டுவார்கள். பாலங்களைச் சுத்தியலால் தட்டி, காதை வைத்துக் கேட்பார்கள். குகை வாசல்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். எல்லாம் வெள்ளைக்காரன் எழுதிவைத்த விதிப்புத்தகத்தின்படி. ஸ்டேஷன் குதிரைகளின் தொட்டியில் தினமும் தண்ணீர் நிரப்ப வேண்டும் என்றுகூட அதில் ஒரு விதி உண்டு. கடைசிக் குதிரை செத்து அறுபது வருடமாகிறது. தண்ணீர் இன்றும் நிரப்புகிறார்கள். காக்கைகள் குளித்துவிட்டுப் போகின்றன.

அதே புத்தகத்தில்தான் எஞ்சினைப் பற்றியும் இருந்தது. வருடம் ஒருமுறை கடைசித் திருகாணி வரை பிரித்து, தார்ப்பாயில் பரப்பி, எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பப் பூட்ட வேண்டும். மொத்தம் 2314 பாகங்கள். உலகத்தில் வேறெந்த ரயிலுக்கும் இப்படிச் செய்வதில்லை. இதற்குச் செய்கிறார்கள்.

"நானே ரெண்டு தடவை எண்ணினேன் சார்," என்றார் மேஸ்திரியம்மா. "பிரிச்சப்போ ரெண்டாயிரத்து முன்னூத்துப் பதினாலு. சரியா இருந்தது. ஒவ்வொரு பாகத்துலயும் நம்பர் அடிச்சிருக்கும். ஒண்ணாம் நம்பர்லேர்ந்து ரெண்டாயிரத்து முன்னூத்துப் பதிமூணு வரைக்கும் பூட்டியாச்சு. இது ஒண்ணுதான் மிச்சம். இதுல நம்பர் கிடையாது."

"இது என்ன பாகம்னு யாருக்குமே தெரியாதா?"

"தெரியாது சார். தெரியவும் கூடாது. அதுதான் இங்கே வழக்கம். கடைசிப் பாகத்தை மேஸ்திரி மட்டும்தான் மாட்டுவார். அப்போ நாங்க பதினெட்டு பேரும் வெளியே போய்ச் சுவத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கணும். அரை மணி நேரம் சத்தமே இருக்காது. அப்புறம் ரெண்டு தட்டு கேக்கும். டங், டங். கதவு திறக்கும். முடிஞ்சது."

"உங்களுக்கு முன்னாடி யார் மேஸ்திரி?"

மேஸ்திரியம்மா தரையைப் பார்த்தார். "எங்க மாமனார்தான். முப்பத்தொரு வருஷம்."

"அடடே, வீட்டுக்குள்ளேயே விடை!" என்றான் வால். "கேட்டா சொல்ல மாட்டாரா?"

"தினமும் கேக்கறேன். 'அதெல்லாம் தானா தெரியும்மா'ன்னு எழுந்து போயிடறார். எனக்கு இந்த வேலை குடுத்ததே அவருக்குப் பிடிக்கலை. வேண்டாம், வேண்டாம்னு மூணு மாசமா ஒரே பாட்டு. நான் வேற யாரோவா இருந்தா சொல்லிக் குடுத்திருப்பார்." கடிகாரத்தைத் திரும்பப் பார்த்தார். "நாலு மணிக்கு பாய்லர் இன்ஸ்பெக்டர் வரார். ரெண்டாயிரத்து முன்னூத்துப் பதினாலும் இருந்தாத்தான் சர்டிபிகேட். இல்லைன்னா நாளைக்குக் காலையில சீசன் முதல் வண்டி ரத்து. நான் திரும்பவும் லேத்துக்குப் போக வேண்டியதுதான். இரண்டாம் ஃபிட்டர் இப்பவே என் நாற்காலியில உக்காந்து உயரம் சரி பண்ணிப் பார்க்கறார்."

லென்ஸ் எஞ்சினை மூன்று முறை சுற்றி வந்தார். பித்தளையைக் குழாய் வாயில் பொருத்திப் பார்த்தார். பொருந்தவில்லை. சக்கரத்தின் நடுவில் வைத்துப் பார்த்தார். உருண்டு விழுந்தது, வாலின் கால்மேல். வால் சொன்ன வார்த்தை எந்த எஞ்சினின் பாகமும் இல்லை.

"இது பிரிக்கும்போது எங்கே இருந்தது?"

"டிரைவர் சீட்டுக்கு அடியில, டூல் பெட்டிக்குள்ளே. ஒரு பொட்டலமா. இதுக்கு முன்னாடி பொட்டலமாவேதான் எண்ணுவாங்களாம். நான்தான் முதல்ல பிரிச்சுப் பார்த்தேன்."

"பொட்டலத் துணி?"

மேஸ்திரியம்மா ஒரு துணிமூட்டையைக் கொண்டுவந்தார். லென்ஸ் அதை மேஜைமேல் ஒவ்வொன்றாக விரித்தார். ஒரு துணியைச் சுற்றி இன்னொரு துணி, அதைச் சுற்றி இன்னொன்று. வெங்காயம் மாதிரி. உள்ளே இருந்தது தொட்டால் பொடியாகும் காக்கி. அடுத்தது சாக்குத்துணி. அப்புறம் ஒரு திரைச்சீலை, ஒரு தலையணை உறை, கோடு போட்ட சட்டைக் கை. எல்லாவற்றுக்கும் வெளியே, கடைசியாக, நீலப்பூ போட்ட குழந்தைச் சட்டை.

"இது என் பையனோடது," என்றார் மேஸ்திரியம்மா மெதுவாக. "நான்தான் தைச்சேன். சின்னதாப் போச்சுன்னு மாமாகிட்ட எஞ்சின் துடைக்கக் குடுத்தேன்."

லென்ஸ் விரல்விட்டு எண்ணினார். ஆறு துணி. அவருடைய முகத்தில் அறிவின் ஒளி பரவியது. வாலுக்கு அந்த ஒளி பழக்கம். பெரும்பாலும் தப்பான வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன்னால் வரும்.

"ஆறு துணி, ஆறு மேஸ்திரி. ஆனா ஒண்ணு யோசி. வருஷா வருஷம் எஞ்சினுக்குள்ளே எங்கேயோ மாட்டற பாகம்னா அதுல எண்ணெய் இருக்கணுமா இல்லையா?"

"இருக்கணும்."

"உள் துணியில ஒரு பொட்டு எண்ணெய்கூட இல்லை. எண்ணெய்ல குளிக்கிற எஞ்சின்ல நூறு வருஷமா ஒரு பாகம் சுத்தபத்தமா இருக்குன்னா..." லென்ஸ் நிறுத்தினார். வாக்கியத்தின் மறுபாதி அவருக்கே இன்னும் வந்து சேரவில்லை. "வண்டியை எடு. மாமனாரைப் பார்க்கணும்."

* * *

பழைய மேஸ்திரி வீட்டுக் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி ஒரு மேசை விசிறி, முழுக்கப் பிரிக்கப்பட்ட நிலையில், செய்தித்தாளில் வரிசையாகப் பரப்பப்பட்டிருந்தது. ஓய்வு பெற்ற மனிதர்கள் எவ்வளவோ செய்வார்கள். இவர் அந்த விசிறியை இந்த மாதத்தில் நான்காவது முறையாகப் பிரித்திருந்தார்.

"எண்ணிக்கை சரியா இருக்கா ஐயா?" என்றார் லென்ஸ்.

"நாப்பத்தொண்ணு. இப்போதைக்குச் சரியா இருக்கு." அவர் நிமிர்ந்தார். "மருமக அனுப்பிச்சாளா? தொழில் ரகசியம். வெளியாள்கிட்ட சொல்றதுக்கு இல்லை."

"கேக்க வரலைங்க. சொல்லிட்டுப் போகத்தான் வந்தோம். இடம் கிடைச்சிடுச்சு. கடைசிப் பாகத்தை உங்க மருமக மாட்டிட்டாங்க."

வால் திரும்பி அத்தானைப் பார்த்தான். அத்தான் பச்சையாகப் பொய் சொல்கிறார்! அதுவும் திக்காமல். அக்காவிடம் சொல்ல வேண்டிய விஷயம்.

பெரியவரின் கையிலிருந்த திருப்புளி நழுவி செய்தித்தாளில் விழுந்தது. பதினேழாம் பாகம் முப்பதாம் பாகத்தோடு கலந்தது. அவர் கவனிக்கவில்லை.

"நிஜமாவா?" என்றார். எழுந்து நின்றுவிட்டார். "கிடைச்சிடுச்சா? எங்கே? எந்தப் பக்கம்? மேலேயா கீழேயா? எங்கே இருந்தது தம்பி அது?"

லென்ஸும் வாலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முப்பத்தொரு வருஷமா நீங்க மாட்டின இடத்துலதான்," என்றான் வால்.

பெரியவர் மெதுவாகத் திரும்பவும் தரையில் உட்கார்ந்தார். தான் என்ன கேட்டுவிட்டோம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. முதலில் கோபம் வந்தது, அப்புறம் அதுவும் போய்விட்டது. ஏறக்குறைய நிம்மதி மாதிரி ஒன்று வந்து உட்கார்ந்தது.

"நான் மேஸ்திரியான முதல் வருஷம்," என்றார். "எல்லாரையும் வெளியே அனுப்பிட்டுப் பொட்டலத்தைப் பிரிச்சேன். அரை மணி நேரம் சுத்திச் சுத்தி வந்தேன். எங்கேயும் உக்காரலை. வெளியே பதினெட்டு பேர் சுவத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கறாங்க. எல்லாரும் என்னைவிட வயசுல மூத்தவங்க. கதவைத் திறந்து, எனக்குத் தெரியலைன்னு எப்படிச் சொல்லுவேன்? அஞ்சு துணி சுத்தியிருந்தது. நான் மேல ஒரு துணி சுத்திப் பெட்டியில போட்டுட்டேன். அது நைஞ்சு போறப்பெல்லாம் வேற துணி மாத்துவேன், கடைசியா பேரன் சட்டை."

"டங் டங்?"

"அது வந்து... உள்ளே ஏதோ வேலை நடக்குதுன்னு தெரியணுமே. வெறும் இரும்புல ரெண்டு தட்டு தட்டினேன்."

"அப்போ எனக்குப் புரிஞ்சிடுச்சு," என்றான் வால். "இந்தப் பாதையோட பரம ரகசியமே அந்த ரெண்டு தட்டுதான்."

லென்ஸ் சிரிக்கவில்லை. "மருமகளுக்காவது சொல்லியிருக்கலாமே ஐயா."

"சொன்னா என்ன ஆகும்? அவ மாமா முப்பத்தொரு வருஷம் ஏமாத்தினவர்னு தெரிஞ்சுடும். சொல்லாட்டி, அவளும் அந்த அரை மணி நேரம் உள்ளே நின்னு வேர்க்கணும். அதுக்குத்தான் இந்த வேலையே வேண்டாம்மான்னு சொன்னேன். பொம்பளைக்கு எதுக்குன்னு சொல்றேன்னு நினைச்சுட்டா." விசிறியின் ஓர் இறக்கையை எடுத்துத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "நான் பார்த்த ஃபிட்டர்லயே அவதான் தம்பி பெரிய கை. எனக்குப் பயமா இருந்துது, அவ்வளவுதான்."

"கிளம்புங்க," என்றார் லென்ஸ்.

"எங்கே?"

"அவங்ககிட்ட நேர்ல சொல்லணும். மணி மூணு ஆகுது."

ஒரே ஸ்கூட்டரில் மூன்று பேர். வால் ஓட்டினான், பெரியவர் நடுவில், துப்பறிபவர் பின்னால் பாதி காற்றிலும் பாதி ஸ்டெப்னியிலுமாக. வழியில் ஒருமுறை ஸ்கூட்டர் குதித்தபோது ஏதோ ஒரு திருகாணி கழன்று சாலையில் ஓடியது. பெரியவர் வண்டியை நிறுத்தச் சொல்லி, கால் மணி நேரம் தேடி எடுத்து, அதன் இடத்தில் பூட்டிய பிறகுதான் ஏறினார்.

* * *

பாய்லர் இன்ஸ்பெக்டர் சீக்கிரமே வந்துவிட்டிருந்தார். ஒல்லியான, நேரான மனிதர். கைகாட்டி மரம் ஒன்றின் நிழல் கோணலாக விழுகிறது என்று ஒருமுறை அதற்கு சர்டிபிகேட் மறுத்தவர் என்று கேள்வி. எஞ்சினின் டிரைவர் மேடைமேல் ஏறி நின்று, அங்கிருந்த பலகையில் பெரிய பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார். எஞ்சினை முதன்முதலில் எண்ணிய வெள்ளைக்காரக் குமாஸ்தாவின் பதிவேடு. அது எப்போதும் எஞ்சின்மேலேயே இருக்க வேண்டும் என்பதும் ஒரு விதி.

மேஸ்திரியம்மா பக்கத்தில் நின்றார். கையில் பித்தளை.

பெரியவர் மேடைப் படியில் ஏறி, மருமகளின் காதருகே குனிந்தார். இரண்டே நிமிடத்தில், மூச்சு வாங்க, முப்பத்தொரு வருடத்தையும் சொல்லி முடித்தார். மேஸ்திரியம்மாவின் முகத்தில் எதுவும் அசையவில்லை. கண் மட்டும் ஒருமுறை மாமனாரிடம் போய் வந்தது.

"பெட்டியில போட்டுட்டு எல்லாரையும் வெளியே போகச் சொல்லும்மா," என்றார் பெரியவர் கிசுகிசுப்பாக. "ரெண்டு தட்டு தட்டிடு. நூறு வருஷமா ஓடற வண்டிதானே. ஓடும்."

"ஓடும் மாமா," என்றார் அவர். "ஆனா தெரியாததைத் தெரியும்னு எழுதிக் கையெழுத்துப் போட மாட்டேன்."

"எத்தனை பாகம்?" என்றார் இன்ஸ்பெக்டர், பதிவேட்டிலிருந்து தலையை எடுக்காமல்.

"ரெண்டாயிரத்து முன்னூத்துப் பதிமூணு மாட்டியிருக்கு சார். ஒண்ணு கையில இருக்கு. அதோட இடம் எனக்குத் தெரியலை. இதுக்கு முன்னாடி யாருக்கும் தெரிஞ்சதில்லை."

பணிமனையில் பதினெட்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். இரண்டாம் ஃபிட்டர் மட்டும் வெளியே விட்டார்.

"அப்போ சர்டிபிகேட் இல்லை," என்றார் இன்ஸ்பெக்டர். பேனாவைத் திறந்தார்.

லென்ஸ் இதுதான் சமயம் என்று மேடையில் தாவி ஏறினார். வருகிற வழியெல்லாம் ஸ்டெப்னிமேல் உட்கார்ந்து ஒரு கருத்தை உருவாக்கி வைத்திருந்தார். "ஒரு நிமிஷம்! இது சாதாரணப் பாகம் இல்லை. மலையில ஏறும்போது வண்டி ஒரு பக்கம் சாயாம இருக்க, வெள்ளைக்காரன் ரகசியமா வெச்ச சமன் எடை! இதை மாட்ட வேண்டியது இல்லை, சரியான கோணத்துல தொங்கவிடணும்! அதாவது..."

"அத்தான், வேண்டாம்," என்றான் வால்.

மலைக்காற்று பணிமனையின் ஒரு கதவில் நுழைந்து மறு கதவில் வெளியேறியது. பதிவேட்டின் தாள்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. இன்ஸ்பெக்டர் "ச்சே" என்றார். இடக்கையால் தாளை அழுத்தினார். நின்றது, கையை எடுத்ததும் திரும்பப் பறந்தது. எரிச்சலோடு, பார்க்காமலேயே கையை நீட்டி, மேஸ்திரியம்மாவின் கையிலிருந்த பித்தளையைப் பிடுங்கித் தாள்மேல் 'ணங்' என்று வைத்தார். தாள் அடங்கியது. அவருடைய கட்டைவிரல் குமிழின் பள்ளத்தில் பதிந்திருந்தது. அளவெடுத்துச் செய்த மாதிரி.

"...அதாவது," என்ற லென்ஸ் அப்படியே நின்றுவிட்டார். வாய் திறந்தபடி இருந்தது. பிறகு, "சார்! கையை எடுக்காதீங்க!" என்று கத்தினார்.

இன்ஸ்பெக்டர் இப்படியான தொனியில் யாரும் தன்னிடம் பேசிப் பழக்கமில்லாததால் கையை எடுக்கவில்லை.

"முதல் பக்கம்," என்றார் லென்ஸ். "மேஸ்திரியம்மா, முதல் பக்கத்தைத் திருப்புங்க. கையைக் கொஞ்சம் தூக்குங்க சார். ஆ, அப்படியே."

முதல் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த பக்கம். வருடா வருடம் பிரதி எடுக்கிற பக்கம். கொக்கி கொக்கியான கையெழுத்தில் 2314 என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தது. எண்ணைத்தான் எல்லோரும் பார்த்திருந்தார்கள். அதற்குப் பக்கத்தில், பழுப்பேறிய தாளில், பச்சையாக ஒரு வட்டக் கறை இருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. லென்ஸ் பித்தளையை எடுத்து அந்த வட்டத்தின்மேல் வைத்தார்.

ஒரு மயிரிழைகூட மிச்சமில்லை.

"பேப்பர் வெயிட்!" என்றான் வால். "நூறு வருஷமா எஞ்சினுக்குள்ளே ஒரு பேப்பர் வெயிட்டுக்கு இடம் தேடியிருக்கீங்க!"

"ஆள் தார்ப்பாய்மேல உக்காந்து எண்ணியிருக்கான்," என்றார் லென்ஸ். சமன் எடையைப் பற்றி அவர் ஒரு காலத்தில் பேசியதாகவே முகத்தில் தெரியவில்லை. "பதிவேடு பறக்காம இருக்க அதுமேல தன்னோட பேப்பர் வெயிட்டை வெச்சிருக்கான். எண்ணிக்கிட்டே வந்தவன் அதையும் சேர்த்து எண்ணிட்டான். எழுதினது எழுதினதுதான். அதுக்கப்புறம் யார் எண்ணினாலும் பதினாலு. யார் பூட்டினாலும் பதிமூணு."

இன்ஸ்பெக்டர் தாளைப் புரட்டினார். இரண்டாம் பக்கத்தை யாரும் படித்ததில்லை. விதிப்படி முதல் பக்கம்தான் தேவை. அங்கே அதே கொக்கிக் கையெழுத்தில் மூன்று வரி. அவர் மனதுக்குள் படித்தார். பிறகு, குரலில் எந்த மாற்றமும் இல்லாமல், சத்தமாகச் சொன்னார்.

"'என் பித்தளை பேப்பர் வெயிட் இன்று காணாமல் போனது. தரை கூட்டுகிறவன் மேல் சந்தேகம். அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டேன்.'"

பெரியவர் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"எண்ணைத் திருத்த முடியாதா சார்?" என்று கேட்டார் லென்ஸ், மெதுவாக.

"விதிப்படி கடல் தாண்டி இருக்கற தலைமை ஆபீஸ்தான் திருத்தணும்."

"எழுதலாமே."

"அந்த ஆபீஸை மூடி எழுபது வருஷம் ஆகுது." இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொஞ்சம் அதிக நேரமே துடைத்தார். "எனக்கு வேணும்கறது பதினாலு. பதினாலும் எஞ்சின்மேல இருக்கணும். ஒவ்வொண்ணும் ஒரு வேலை செய்யணும். வேற எதுவும் நான் பார்க்கறதில்லை." மேஸ்திரியம்மாவைப் பார்த்தார். அது ஏறக்குறைய ஒரு வேண்டுகோள் மாதிரி இருந்தது. "இந்தப் பித்தளையால ஏற்கெனவே ஒருத்தனுக்கு வேலை போயிருக்கு."

இரண்டாம் ஃபிட்டர் பழக்கதோஷத்தில் வாசல் பக்கம் நகர்ந்தார். பின்னாலேயே பதினேழு பேரும் சுவரைப் பார்த்து நிற்கப் புறப்பட்டார்கள்.

"யாரும் போக வேண்டாம்," என்றார் மேஸ்திரியம்மா. "எல்லாரும் இங்கேயே நின்னு பாருங்க."

அவர் பதிவேட்டைப் பலகையில் நேராக வைத்தார். பேப்பர் வெயிட்டை அதன் நடுவில் வைத்தார். கையை எடுத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

"சார், பதிவேடு எஞ்சின்மேல இருக்கணும்கறது விதி. வண்டி ஓடும்போது காத்து அடிக்கும். அதுல ஒரு தாள் பறந்தாக்கூட விதி மீறல். இது பறக்க விடாது. இடமும் இதுதான், வேலையும் இதுதான்."

"போல்ட் எங்கே?"

"எடைதான் சார் இதோட போல்ட். அதுவுமில்லாம, கடைசிப் பாகத்தை நான் மாட்டலை. இப்போ கொஞ்சம் முன்னாடி எல்லார் முன்னாடியும் நீங்களே மாட்டிட்டீங்க."

இன்ஸ்பெக்டர் குனிந்தார். கன்னத்தை உப்பி, பதிவேட்டின் ஓரத்தில் பலமாக ஊதினார். தாள் அசையவில்லை. இடப்பக்கம் போய் ஊதினார். வலப்பக்கம் போய், முகம் சிவக்க, மூச்சு தீரும்வரை ஊதினார். பணிமனையே கண்கொட்டாமல் பார்த்தது. கைகாட்டியின் நிழலையும் இந்த மனிதர் இப்படித்தான் பார்த்திருப்பார் என்று லென்ஸுக்குத் தோன்றியது.

"பாகம் 2314," என்று எழுதினார் இன்ஸ்பெக்டர். "நல்ல நிலையில் இயங்குகிறது." டிக் அடித்தார். முத்திரை குத்தினார். "தலைமை ஃபிட்டர், இங்கே கையெழுத்து."

மேஸ்திரியம்மா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். முழுப் பெயர், பதவி, தேதி. எதையும் அவசரப்படுத்தவில்லை. இரண்டாம் ஃபிட்டர் நாற்காலியின் உயரத்தைப் பழையபடி இறக்கி வைக்கப் போனார்.

பெரியவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டிருந்தார். எஞ்சினின் இரும்பை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ இதுல எதுவுமே குறையலையாம்மா?"

"இல்லை மாமா. எப்பவுமே குறைஞ்சதில்லை. நீங்க பூட்டினது எல்லாம் சரியாத்தான் பூட்டியிருந்தீங்க."

அவர் தலையாட்டினார். ரொம்ப நேரம் ஆட்டினார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வேறு யாரோ ஒருவருக்காக விசாரிப்பது போலக் கேட்டார்.

"நாளைக்கு முதல் வண்டியில ரெண்டு சீட் கிடைக்குமா?"

"யாருக்கு மாமா?"

"உங்க அத்தைக்கும் எனக்கும். நான் மேஸ்திரியான நாள்லேர்ந்து கேட்டுக்கிட்டு இருக்கா, ஒரு தடவை மேலே கூட்டிட்டுப் போங்கன்னு. மழை, கூட்டம், தலைவலின்னு முப்பத்தொரு வருஷமா ஏதாவது ஒண்ணு சொல்லித் தட்டிக் கழிச்சிட்டேன். ஒரு பாகம் குறையற வண்டியில அவளை எப்படிம்மா ஏத்துவேன்?"

"ஊர் ஜனத்தை மட்டும் ஏத்தலாமாக்கும்?" என்றான் வால்.

"அவங்க டிக்கெட் வாங்கிட்டு வந்துடறாங்களே தம்பி. நான் என்ன பண்றது?"

லென்ஸ் வாலின் காலை மிதித்தார், பித்தளை விழுந்த அதே காலை.

மேஸ்திரியம்மா மாமனாருக்குப் பக்கத்தில், அதே படியில், இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தார். "சீட் இருக்கு. ஆனா ஜன்னல் பக்கம் ஒண்ணுதான் மாமா மிச்சம்."

"அவளுக்குக் குடு," என்றார் பெரியவர். "நான் அவளைப் பார்த்துக்கிட்டு வரேன்."